மங்கச் சொன்னால் ஒளிரும் மீட்டர்

1990-களில் வந்த ஹோண்டா சிவிக் ஒன்றில் புதிதாக ஒரு வெப்பநிலை மீட்டர் பொருத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் சூடு எவ்வளவு என்பதை எண்கள் போட்ட முகப்பில் முள்ளால் காட்டும் சின்ன வட்ட மீட்டர். பகலில் முள் ஒழுங்காக நகர்கிறது. இருட்டியதும் பார்க் லைட்டைப் போட்டால் டேஷ்போர்டு முழுக்கக் கறுத்துக் கிடக்கிறது. ஸ்பீடோமீட்டரிலும் வெளிச்சமில்லை, ஏசி பொத்தான்களிலும் இல்லை. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தால் டெயில் லைட்டும் எரியவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் செய்த வேலைக்கு, காரின் மறுகோடியில் இருக்கும் விளக்கு ஏன் அணைய வேண்டும்?

விடை ஃபியூஸ் பெட்டியில் இருக்கிறது. பல கார்களில் டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு, டேஷ்போர்டு வெளிச்சம் மூன்றுமே ஒரே சுவிட்சில், ஒரே ஃபியூஸில் ஓடுகின்றன. இரவில் சேர்ந்தே எரிய வேண்டியவை என்பதால் அவற்றைச் சேர்த்தே கட்டிவிட்டார்கள். புது மீட்டரின் விளக்குக்காக அந்த வயரிலிருந்து ஒரு கிளை எடுக்கும்போது, உரித்த முனை காரின் இரும்பில் எங்கேனும் உரசினால் போதும். என்ஜினைச் சுழற்றிவிட 100 ஆம்பியருக்கு மேல் தரக்கூடிய பேட்டரிக்கு முன்னால் தடையே இல்லாத பாதை திறந்துவிடுகிறது. 10 ஆம்பியர் ஃபியூஸ் உடனே உருகி அந்தப் பாதையைத் துண்டிக்கிறது. அது உருகியதால்தான் வயர் பிழைத்தது.

இந்த இடத்தில் சிலர் சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிவிட்டுப் பச்சை நிற 30 ஆம்பியரைச் சொருகுகிறார்கள். இதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. அடுத்த முறை ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் தாங்கிக்கொள்ளும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய வயர் தாங்காது. தீ அங்கேதான் பிடிக்கும். ஃபியூஸே போடாமல் டெயில் லைட் இல்லாத காரை நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போவதும் அதே அளவுக்குத் தவறு. பின்னால் வரும் லாரிக்கு அந்தக் கார் கண்ணில் படாது.

ஷார்ட் எங்கே என்று கண்டுபிடிக்க ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் நெடுநாளாகச் செய்துவரும் ஒரு வேலை உண்டு. உருகிய ஃபியூஸின் இடத்தில் ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பை இரண்டு வயர் வைத்து மாட்டிவிடுவார்கள். ஷார்ட் எவ்வளவு மோசமானதாக இருந்தாலும், அந்தப் பல்ப் மின்னோட்டத்தை 2 ஆம்பியருக்குக் கீழே பிடித்து வைத்துவிடும். ஃபியூஸை ஒவ்வொன்றாக எரித்துப் பார்க்கத் தேவையில்லை. பார்க் லைட் சுவிட்சைப் போட்டதும் பல்ப் முழு வீச்சில் எரியும். பிறகு டேஷ்போர்டுக்குள் வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும். எந்த வயரை விலக்கும்போது பல்ப் சட்டென்று மங்கி, டெயில் லைட்டுகள் லேசாக எரியத் தொடங்குகின்றனவோ, அங்கேதான் பிழை.

ஃபியூஸ் போவது எளிய கோளாறு. இன்னொரு வகையில் விளக்குகள் நம்ப முடியாத காரியங்களைச் செய்கின்றன. சாவியைத் திருப்பினால் மீட்டர் வேலை செய்யும். அதன் உள்விளக்கு, யாரும் போடாமலேயே மங்கலாக எரியும். பார்க் லைட்டைப் போட்டதும் மீட்டரே செத்துவிடும். பார்க் லைட்டை அணைத்தால் மறுபடி உயிர் வரும். பார்ப்பவர்கள் மீட்டர் தரமற்றது என்று முடிவு கட்டுவார்கள். உண்மையில் மீட்டருக்கு எந்தக் குறையும் இல்லை. அதன் எர்த் வயர் கழன்றிருக்கிறது.

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் பேட்டரியிலிருந்து ஒரு வயர்தான் போகிறது. மின்சாரம் திரும்பி வருவது காரின் இரும்பு உடல் வழியாக. பேட்டரியின் எதிர்முனை அந்த உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வரும் வழி ஒவ்வொன்றுக்கும் தனி, திரும்பும் வழி எல்லாவற்றுக்கும் பொது. இந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். ஒரு தெருவின் எல்லா வீட்டுக் கழிவுநீரும் ஒரே சாக்கடையில் சேர்வதைப் போல. ஒரு வீட்டின் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்தில் புகுந்து வெளியேறப் பார்க்கும்.

எர்த் இழந்த மீட்டரிலும் நடப்பது இதுதான். சாவி வழியாக வந்த மின்சாரம் மீட்டரைக் கடந்து எர்த் வயருக்கு வருகிறது, அங்கே வழியில்லை. அதே முனையில் மீட்டரின் உள்விளக்கும் இணைந்திருக்கிறது. எனவே மின்சாரம் அந்த விளக்கில் பின்பக்கமாக நுழைந்து, வெளிச்ச வயரில் எதிர்த்திசையில் ஓடி, அணைந்து கிடக்கும் டெயில் லைட்டுகள் வழியாக இரும்பைச் சேர்கிறது. பார்க் லைட்டைப் போட்டவுடன் அந்த வெளிச்ச வயரிலும் 12 வோல்ட் வந்துவிடும். இரு முனையிலும் ஒரே மின்னழுத்தம் இருந்தால் எதுவும் ஓடாது. மீட்டர் செத்துவிடுகிறது.

அணைந்த பல்ப் எப்படி வழிவிடுகிறது என்ற கேள்விக்கு டங்ஸ்டன் பதில் சொல்கிறது. உலோகம் சூடாகும்போது அதன் மின்தடை கூடும். பல்பின் இழை எரியும்போது 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகிறது. 5 வாட் டெயில் லைட் பல்ப் எரியும்போது சுமார் 29 ஓம் தடை காட்டும். குளிர்ந்து கிடக்கும்போது அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அப்படி நான்கு பல்புகள் பக்க இணைப்பில் இருந்தால் மொத்தத் தடை 1 ஓமுக்கும் கீழே. மீட்டரிலிருந்து கசிந்து வரும் சிறு மின்னோட்டத்துக்கு அது திறந்த கதவு. அணைந்த விளக்கு சுற்றுக்கு வெளியே இருப்பதாக நாம் நினைக்கிறோம். மின்சாரத்தைப் பொறுத்தவரை அது ஒரு வயர்தான்.

இவ்வளவு சிக்கலையும் அவிழ்க்க இரண்டே விதிகள் போதும் என்பது எனக்குத் தீராத வியப்பு. 1845-இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த குஸ்தாவ் கிர்காஃப், தம் 21-ஆம் வயதில் அவற்றை எழுதினார். ஒரு சந்திப்புக்குள் வரும் மின்னோட்டம் முழுவதும் அதிலிருந்து வெளியேறியாக வேண்டும். ஒரு சுற்றைச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தால் மின்னழுத்தத்தின் ஏற்றமும் இறக்கமும் நேராகிவிடும். எர்த் கழன்ற மீட்டரில் முதல் விதிதான் மின்சாரத்தை டெயில் லைட் வரை அனுப்பிவைத்தது. இரண்டாவது விதி, பார்க் லைட் போட்டதும் அதை நிறுத்தியது. கார் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட விதிகள் இவை.

இனி டிம்மர். இரவில் டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைக்கும் இந்தத் திருகு கண்ணுக்காக வைக்கப்பட்டது. நம் விழித்திரையில் மங்கிய ஒளிக்கென்று இருக்கும் கோல் செல்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். கண்ணெதிரே பளிச்சென்று ஒரு மீட்டர் எரிந்தால் அந்தப் பழக்கம் கலையும். சாலையோரம் நடப்பவர் தெரியமாட்டார். ஆகவே புது மீட்டரும் டிம்மருக்குக் கட்டுப்பட வேண்டும்.

சிவிக் உட்படப் பல ஜப்பானியக் கார்களில் இந்த டிம்மர் பல்புக்கு முன்னால் இல்லை. பல்புக்கும் எர்த்துக்கும் நடுவில் இருக்கிறது. இது தெரியாமல், டேஷ்போர்டு பல்பின் டிம்மர் பக்க வயரைப் புது மீட்டரின் விளக்குக்கு மின்சாரம் தரும் வயராக எண்ணி இணைத்தால் விளைவு தலைகீழாகும். டேஷ்போர்டு முழுப் பிரகாசத்தில் இருக்கும்போது அந்த வயரில் ஏறத்தாழ 0 வோல்ட்தான். புது மீட்டர் இருண்டு கிடக்கும். டிம்மரைக் குறைக்கக் குறைக்க அந்த வயரின் மின்னழுத்தம் ஏறும். மற்றவை மங்க, புது மீட்டர் மட்டும் பிரகாசமாகும். அந்த வயரை மீட்டரின் எர்த்தோடு சேர்த்துவிட்டாலோ டிம்மரைச் சுற்றிக்கொண்டு குறுக்குவழி உண்டாகிவிடும். திருகை எப்படித் திருப்பினாலும் டேஷ்போர்டு முழு வெளிச்சத்திலேயே நிற்கும்.

பல்புக்குப் பதில் எல்.இ.டி. வந்த மீட்டர்களில் நடத்தை வேறு. எல்.இ.டி. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடும். வயரை மாற்றி இணைத்தால் எரியாது. வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்றைத் தொடராக வைத்திருந்தால் 9 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே மின்னழுத்தம் இறங்கியதும் மூன்றும் ஒன்றாக அணைந்துவிடும். பழைய பல்புகள் அப்போதும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். புதிய கார்கள் இதற்காகவே மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. விளக்கை நொடிக்கு நூறு முறைக்கு மேல் அணைத்து அணைத்து எரியவிட்டு, எரியும் நேரத்தைச் சுருக்குகின்றன. கண் அதைத் தொடர்ச்சியான மங்கிய ஒளியாகச் சேர்த்துப் பார்க்கிறது.

எனவே மீட்டரைக் குறை சொல்லுமுன் அளந்து பார்க்க வேண்டும். வயரில் கை வைக்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். மீட்டரின் எர்த்தை வண்ணம் பூசிய இடத்தில் முடுக்காதீர்கள். பெயிண்ட் மின்சாரத்தை விடாது. சுரண்டிய வெற்று இரும்பில் முடுக்குங்கள். பிறகு பேட்டரியை இணைத்து, விளக்குகளைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை மீட்டரின் எர்த்திலும் இன்னொன்றைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வையுங்கள். கிட்டத்தட்டச் சுழியம் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் திரும்பும் வழியில் தடை இருக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. பார்க் லைட்டைப் போடுங்கள், டிம்மரை இரு கோடிக்கும் திருப்புங்கள், பிரேக்கை மிதியுங்கள், இண்டிகேட்டர் போடுங்கள். எதைச் செய்தாலும் புது மீட்டரின் முள் அசையக் கூடாது; உள்விளக்கு பார்க் லைட்டுக்கும் டிம்மருக்கும் மட்டுமே பணிய வேண்டும். இண்டிகேட்டரின் துடிப்புக்கு மீட்டர் சேர்ந்து துடித்தால், அந்த இரண்டும் எங்கோ ஒரு பாதையைப் பகிர்கின்றன. அது எந்தப் பாதை என்பதை அந்தத் துடிப்பே காட்டிக்கொடுக்கும். தொடர்பில்லாத ஒன்றோடு சேர்ந்து எரியும் எந்த விளக்கும், நாம் போட்ட வயரிங்கின் உண்மையான வரைபடத்தை நமக்குத் தந்துகொண்டிருக்கிறது.