வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டையைப் போனில் சொல்வது எப்படி?

திருத்தணியில் ரயிலேறி ரேணிகுண்டா பக்கம் போனால் அடுத்து வருவது பொன்பாடி. அதையும் தாண்டினால் ஆந்திரா. அங்கே முதலில் நிற்கும் நிலையத்தின் பெயர் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. 2019-ல் சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்படும் வரை இந்திய ரயில்வேயின் மிக நீளமான நிலையப் பெயர் இதுதான். பெயர்ப்பலகைக்காரர் எழுத்தைச் சிறிதாக்கித் தப்பித்துவிடலாம். ஒலிப்பதிவு செய்கிறவருக்கு அந்த வசதி இல்லை. ஒரே மூச்சில் சொன்னால் பின்பாதி கரைந்துபோகும். நடுவில் மூச்சு வாங்கினால் இரண்டு ஊர் ஆகிவிடும். கேட்கப்போகிறவரோ நடைமேடை இரைச்சலில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

ரயில் விசாரணைக்கான 139 எண் 12 மொழிகளில் பேசுகிறது. வங்கி, சமையல் எரிவாயு, மருத்துவமனை என எந்த எண்ணை அழைத்தாலும் முதலில் பதில் சொல்வது பதிவுசெய்த குரல்தான். இதன் மூதாதை ஒரு கடிகாரம். நேரம் கேட்டு ஓயாமல் வந்த அழைப்புகளைச் சமாளிக்க, பாரீஸ் வான் ஆய்வகத்தின் இயக்குநர் எர்னஸ்ட் எஸ்க்லாங்கோன் 1933 பிப்ரவரி 14 அன்று பேசும் கடிகாரத்தை இயக்கிவைத்தார். 1936-ல் லண்டனும் ஒன்றை அமைத்தது. எத்தல் கெய்ன் என்ற தொலைபேசி ஊழியரின் குரலைக் கண்ணாடித் தட்டுகளில் பதித்தார்கள். மணி தனியாக, நிமிடம் தனியாக, விநாடி தனியாகப் பதிவாயின. இயந்திரம் அவற்றைக் கோத்துச் சொன்னது. துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டும் வேலை அன்றே தொடங்கிவிட்டது.

ஸ்டுடியோவில் தேன்போல ஒலித்த குரல் தொலைபேசியில் ஏன் தகரமாகிறது? நல்ல மைக் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கிறது. பழைய தொலைபேசித் தடம் கடத்துவது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வு சுமார் 120 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்குச் சுமார் 200. ஆக, இரண்டுமே அந்தத் தடத்தில் ஏறுவதில்லை! ஆனாலும் பேசுவது அப்பாவா அம்மாவா என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. 200-ன் மடங்குகளான 400, 600, 800 வந்து சேர்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள சீரான இடைவெளியைக் கொண்டு, வராத 200-ஐ மூளையே கணக்கிட்டுக்கொள்கிறது. ஆகவே கம்பீரமான கட்டைக்குரலுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண் செலவு. அந்தக் கம்பீரத்தில் பெரும்பகுதி வழியிலேயே கழிந்துவிடும்.

மேல் எல்லையில் நடக்கும் இழப்பை மூளையால் ஈடுகட்ட முடியாது. ஸ், ஃப் போன்ற உரசொலிகளின் வலு பெரும்பாலும் 3,400-க்கு மேலே இருக்கிறது. சேலம், சோளிங்கர் என்பவற்றின் முதல் ஒலி தொலைபேசியில் மங்குவது இதனால்தான். நாம் ஓயாமல் கவலைப்படும் ழகரத்துக்கு இந்த ஆபத்து இல்லை. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகேல் கான் ஆகியோருடன் சேர்ந்து 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தமிழின் ர, ற, ல, ள, ழ ஒலிகளின்போது நாக்கு என்ன செய்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. படம் வரை எடுத்துப் பார்த்த ஆய்வு அது. ழகரத்தைச் சொல்லும்போது வாயறை வடிவம் மாறி, குரலின் மூன்றாவது ஒத்ததிர்வு கீழே இறங்குகிறது. அந்த இறக்கம் 3,400-க்கு வெகு கீழேயே நடப்பதால் தொலைபேசி அதைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கிறது. தானியங்கிக் குரலில் ‘வாளைப்பளம்’ கேட்டால் தடத்தைத் திட்டாதீர்கள். பேசியவரையும் அதை ஒப்புக்கொண்டவரையும் திட்டுங்கள்.

பதிவான குரலைத் தொலைபேசிக்கு ஏற்ப மாற்றுவது அடுத்த கட்டம். 1972-ல் வந்த ஜி.711 என்ற சர்வதேசத் தரப்படி, விநாடிக்கு 8,000 முறை ஒலி அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 பிட். அரை நிமிட அறிவிப்பு 2,40,000 பைட்டில் அடங்கிவிடும். ஆனால் 8 பிட் என்றால் 256 படிகள்தான். அவற்றைச் சமமாகப் பங்கிட்டால் மெல்லிய ஒலிகள் கரகரக்கும். ஆகவே சன்ன ஒலிக்கு நகைக்கடைத் தராசு, பெரிய ஒலிக்கு விறகுக்கடைத் தராசு என்று படிகளை ஏற்றத்தாழ்வாக வைத்தார்கள். இதில் இரண்டு முறைகள் உண்டு: இந்தியாவும் ஐரோப்பாவும் ஏ-லா, அமெரிக்காவும் ஜப்பானும் மியூ-லா. மியூ-லாவில் சேமித்த கோப்பை ஏ-லா கருவியில் போட்டால் வார்த்தை புரியும், குரல் கிழியும்.

8,000 முறை அளப்பதால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை முன்கூட்டியே வடிகட்டியாக வேண்டும். விட்டுவிட்டால் அது மறையாது. மடங்கி உள்ளே வரும். 5,500 ஹெர்ட்ஸில் இருக்கும் ‘ஸ்’ஸின் கூறு, 8,000-லிருந்து 5,500 போக மீதி 2,500 ஹெர்ட்ஸில் வேறொரு கீச்சொலியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மலிவான பதிவுகளில் சகரம் வரும்போதெல்லாம் கேட்கும் உலோகச் சத்தத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு சின்ன விஷயம்: பதிவின் தொடக்கத்தில் அரை விநாடி மௌனம் விடவேண்டும். இணைப்பு முழுசாகத் திறப்பதற்குள் குரல் புறப்பட்டுவிட்டால் ‘வணக்கம்’ என்பது ‘ணக்கம்’ ஆகிவிடும்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை எந்த நாட்டுக்கும் பொது. தமிழுக்கென்று வரும் தலைவலி எண்கள்.

ஒன்று முதல் 99,999 வரை எந்தத் தொகையையும் சொல்ல ஆங்கிலத்துக்கு 29 துண்டுகள் போதும்: ஒன்று முதல் பத்தொன்பது, இருபது முதல் தொண்ணூறு வரை எட்டு பத்துகள், ஹண்ட்ரட், தவுசண்ட். இந்தியில் ஒன்று முதல் 99 வரை ஒவ்வொன்றும் தனி வடிவம் என்றாலும் சௌ, ஹஜார் மாறுவதில்லை, மொத்தம் 101. தமிழில் என்ன நடக்கிறது பாருங்கள். நூறு தனியாக நின்றால் நூறு, பின்னால் எண் வந்தால் நூற்று. ஆயிரம் அப்படியே ஆயிரத்து. முன்னால் வரும் எண்ணும் சும்மா இருப்பதில்லை: மூவாயிரம், ஐயாயிரம், எட்டாயிரம், பதினைந்தாயிரம். இயல்பாக ஒலிக்கவேண்டுமானால் ஒன்று முதல் 99 வரை 99 துண்டுகள். நூறு முதல் தொள்ளாயிரம் வரை ஒன்பதுக்கும் இரண்டு வடிவங்களாக 18. ஆயிரம் முதல் தொண்ணூற்றொன்பதாயிரம் வரை 99-க்கும் இரண்டு வடிவங்களாக 198. கூட்டினால் 315.

நடைமுறையில் நடப்பது வேறு. ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ கட்டிய மென்பொருளில் இருக்கும் இடங்களைத் தமிழ்த் துண்டுகளால் நிரப்பிவிடுகிறார்கள். ஐயாயிரத்து இருநூற்று முப்பது ரூபாய் என்று வரவேண்டியது, ‘ரூபாய்... ஐந்து... ஆயிரம்... இரண்டு... நூறு... முப்பது’ என்று வருகிறது. ஒவ்வொரு துண்டும் வாக்கியம் முடிவதுபோல இறங்கும் தொனியில் இருப்பதால், ஐந்து ரூபாயோடு கணக்கு முடிந்ததோ என்று கேட்பவர் திகைக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கிலும் வடிவம் மாறும். வேலு என்பது வேல, வந்தலு என்பது வந்தல. ஆனால் ஐந்தும் ஆயிரமும் நம்முடையதுபோல ஒன்றோடொன்று உருகிக் கலப்பதில்லை. ‘ஐது வேல ரெண்டு வந்தல முப்பை’ என்று தனித்தனியாகவே நிற்பதால் ஒட்டுவது சுலபம். 315 துண்டுகளைப் பதிவது ஒரு நாள் வேலைக்கு மேல் இல்லை. செய்யாததற்கு அசட்டையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ் இலவசமாகத் தரும் வசதி ஒன்றும் இருக்கிறது. ‘ரயில் நேரம் அறிய எண் இரண்டை அழுத்தவும்’ என்பதில் காரியம் முதலில், எண் பின்னால். கேட்பவர் தன் தேவையை அடையாளம் கண்டதும் எண் காதில் விழுகிறது. நினைவில் சுமக்க வேண்டியதில்லை. ஆங்கில வாசகத்தை வரிசை மாறாமல் பெயர்த்து, ‘எண் இரண்டை அழுத்தவும், ரயில் நேரம் அறிய’ என்று தரும் நிறுவனங்கள் இந்த வசதியை வலியப்போய் இழக்கின்றன. ‘தாங்கள் விரும்பும் சேவையினைத் தெரிவு செய்திடும் பொருட்டு’ என்று தொடங்கும் வாசகங்களைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

திருத்தணிக்காரர்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. நகரிக்கோ திருப்பதிக்கோ போயிருக்கும் மச்சானை அழைத்தால், போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி பல நேரங்களில் தெலுங்கில் வருகிறது. அந்தக் குரல் நம் கைபேசியில் இருப்பதல்ல. இணைப்பைக் கொடுக்க முயலும் எக்ஸ்சேஞ்சில் சேமித்துவைத்தது. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. தொலைபேசி வட்டங்களும் பெரும்பாலும் மாநில எல்லைகளையே பின்பற்றுகின்றன. மக்களின் பேச்சோ எந்தக் கோட்டையும் பார்ப்பதில்லை. இரு மொழியும் சரளமாகப் பேசுகிறவர்கள் திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரத்தில் ஏராளம். இந்தப் பக்கத்துக்கு ஒரு தகவல் எண் அமைத்தால் அப்படிப்பட்ட ஒருவரையே இரண்டு மொழிகளுக்கும் பேசவைக்கலாம். தெலுங்குக்கான வழிகாட்டலைத் தெலுங்கிலேயே சொல்லவேண்டும். தமிழ் தெரியாதவரிடம் ‘தெலுங்குக்கு எண் இரண்டு’ என்று தமிழில் சொல்லி என்ன பயன்?

திருத்தணி கோயில் ஊர் ஆயிற்றே, பின்னணியில் நாதஸ்வரம் வைக்கலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வேண்டாம். கைபேசிகள் ஒலியை அப்படியே அனுப்புவதில்லை. மனிதத் தொண்டையின் மாதிரியை வைத்துக்கொண்டு, பேச்சை விநாடிக்கு 13,000 பிட் அளவுக்குச் சுருக்கி அனுப்புவது ஜிஎஸ்எம் முறை. தொண்டையிலிருந்து வராத ஒலி அந்த மாதிரிக்குள் பொருந்தாமல் தண்ணீருக்குள் வாசித்ததுபோல் ஆகிவிடும்; கூடவே பேச்சையும் கெடுக்கும். 4ஜி வழியாக வரும் வோல்ட்டி அழைப்புகள் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்தக்கூடியவை. சோளிங்கரின் முதல் எழுத்து அதில் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அழைப்பை ஏற்கும் அலுவலகத்தின் கருவியில் பழைய 8,000 அளவுக் கோப்பே கிடந்தால், புதுப் போனிலும் பழைய தகரக்குரல்தான்.

இப்படி ஓர் எண்ணுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஸ்டுடியோ ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள். ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி சரவணப் பொய்கைக் கரையில், காவடிக் கூட்டத்துக்கு நடுவே நின்று, ஒரு சாதாரண பட்டன் போனில் அந்த எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள். புரிந்தால் கையெழுத்துப் போடுங்கள்; புரியாவிட்டால் மறுபடி பதியச் சொல்லுங்கள்.