மாமி பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் பயம்

கிழக்கிலங்கையின் நிந்தவூரிலிருந்து காரைதீவுச் சந்திக்கு வந்து மேற்கே திரும்பினால் மாவடிப்பள்ளி, சம்மாந்துறை தாண்டி அம்பாறை. அங்குள்ள ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் 1960களில் யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் கிற்றாரும் கையுமாகத் திரிந்தார். பெயர் நித்தி கனகரத்தினம். மேல்நாட்டு இளசுகள் ரொக், பொப் என்று ஆடிக்கொண்டிருந்த காலம். போர்த்துக்கேயர் வழி வந்த ஆறு தட்டுப் பைலாத் தாளத்தில் அவர் ‘சின்ன மாமியே’ பாடினார். இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையின் முன்னோடி என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

பாட்டு என்னவோ வேடிக்கைதான். மாமியிடம் மகளைப் பற்றிய விசாரணை. ஆனால் கிழக்குக் கரையில் காது கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் குடி தாய்வழியில் வரும். வீடு மகளுக்குச் சீதனம். கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். ஆக, நிந்தவூர் இளைஞனுக்கு மாமி என்பவர் நாளைக்கு அவன் சோறு தின்னப்போகும் வீட்டின் தலைவி. சிரித்துக்கொண்டே கேட்டாலும் உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கத்தானே செய்யும்! அது பாட்டில் இல்லை, கேட்கிறவன் கொண்டுவந்தது.

சொல்லே இல்லாத இசையிலும் இது நடக்கிறது. 2001இல் கனடாவின் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தின் ஆன் பிளட்டும் ராபர்ட் சடோரேயும் 10 பேரிடம், மயிர்க்கூச்செறிய வைக்கும் இசையை அவரவரே தெரிவுசெய்து வரச் சொன்னார்கள். பிறகு ஒருவருடைய இசையை இன்னொருவருக்கும் போட்டார்கள். இந்த ஆய்வின் சாமர்த்தியமே அதுதான். கொண்டுவந்தவருக்குப் புல்லரித்தது, நல்ல சாப்பாட்டுக்குக் கிளர்ச்சியடையும் அதே மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. மற்றவர் பெரும்பாலும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே பல்கலைக்கழகத்தின் 2011 ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. டோபமின் என்ற வேதிப்பொருள் புல்லரிக்கும் கணத்தில் மட்டும் சுரப்பதில்லை. ‘அந்த இடம் வரப்போகுது’ என்று மனம் காத்திருக்கும்போதே, மூளையின் வேறொரு பகுதியில் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. பழகிய பாட்டு அலுக்காததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வயது. ஏறத்தாழ 10 முதல் 30 வயதுவரை நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகம் நினைவில் நிற்கின்றன. அக்காலப் பாட்டுகளும் அவற்றோடு ஒட்டிக்கொள்கின்றன. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி மெட்டையும் சொந்த நினைவையும் சேர்த்து முடிகிறது என்று கலிபோர்னியாவின் மூளை ஆய்வாளர் பீற்றர் ஜனாட்டா 2009இல் எழுதினார்.

ஆகவே, உங்கள் இளவயதுப் பாட்டைப் போட்டதும் மகன் “இதில என்ன வாப்பா இருக்கு?” என்று கேட்டால் கோபிக்க வேண்டாம். மொன்றியலிலும் அப்படித்தான் நடந்தது.