வயல் நீரும் கரையோரச் சிறுமீன்களும்

கொழும்பு ஜிந்துப்பிட்டி போன்ற பகுதிகளில், பெரிய மீன் வாங்க இயலாத குடும்பங்களுக்கு நெத்தலி, சூடை, கீரிமீன் என்பனவே சிறந்த ஊனுணவாகும். ஜிந்துப்பிட்டிக்கு வடக்கே, முகத்துவாரத்தில் களனி கங்கை கடலுடன் கலக்கின்றது. சிவனொளிபாதமலைச் சாரலில் தோன்றி ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடிவரும் இக்கங்கை, வழியிலுள்ள வயல்களினதும் மரக்கறித் தோட்டங்களினதும் வடிநீரையும் கொண்டுவருகின்றது. ஆகவே, கமக்காரர் இச்சிறுமீன்களின் வாழ்க்கையை அறிந்திருத்தல் நன்று.

சூடையும் கீரிமீனும் கூட்டமாக வாழ்வன. பக்கத்து மீனின் அசைவைக் கண்ணாலும் உடலாலும் உணர்ந்து, கூட்டம் முழுவதும் ஒருங்கே திரும்பும். இதனால், துரத்தும் பெரிய மீன் ஒன்றையேனும் குறிவைக்க இயலாது திகைக்கும். இவற்றின் செவுள்களில் சீப்பின் பற்கள்போல் நெருங்கிய முட்கள் உண்டு. வாயினுட் புகும் நீரிலிருந்து பிளாந்தன் எனும் நுண்ணுயிர்களை இவை வடித்தெடுக்கும். காரல் மீனோ தன் தொண்டையைச் சூழ்ந்துள்ள உறுப்பில் ஒளிரும் பற்றீரியாக்களை வளர்த்து, அவ்வொளியை வயிற்றுப்புறத்தே பரப்பும். கீழிருந்து நோக்கும் பகைமீனுக்கு அதன் நிழல் எளிதிற் புலப்படாது.

சூடையின் முட்டைகள் நீரில் மிதந்து, ஏறக்குறைய ஒரு நாளிற் பொரிக்கும். நெத்தலியின் ஆயுளோ ஓராண்டளவே. எனவே, ஓராண்டின் குஞ்சுகள் அழியுமாயின் அடுத்த ஆண்டின் வலை வறிதாகும். காரல், திரளி முதலியவற்றின் குஞ்சுகள் கழிமுகங்களின் ஆழமற்ற நீரிலேயே வளர்கின்றன. வயல் நீர் முதலில் வந்துசேரும் இடமும் அதுவே.

ஆற்றுநீர் கொணரும் ஊட்டம் அளவோடிருப்பின் பிளாந்தன் செழிக்கும். பசளை மிகுந்தால் பாசி பெருகி அழுகி, நீரிலுள்ள ஒட்சிசன் குறையும். பூச்சிநாசினியின் தீங்கு இதனினும் கொடிது. பிளாந்தனிற் பல, இறாலைப்போன்று பூச்சிகளுக்கு உறவான உயிர்கள்; பூச்சியைக் கொல்லும் நஞ்சு அவற்றையும் கொல்லும். மீன்களுக்குக் கடும் நஞ்சான எண்டோசல்பான் இலங்கையில் 1998ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. எனினும், இன்றுள்ள மருந்துகளிற் பலவும் மீனுக்கு ஆகாதனவே.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை:

1. மழை வரும் அறிகுறியிருப்பின் மருந்து தெளித்தலையும் பசளையிடுதலையும் ஒத்திவைத்தல் வேண்டும்.

2. மருந்து தெளித்தபின் வக்கடையை அடைத்து, சிட்டையிற் குறித்த நாள்வரை நீரை வயலிலேயே நிறுத்துதல் வேண்டும்.

3. தெளிகருவியையும் வெற்றுப் போத்தல்களையும் வாய்க்காலிற் கழுவுதல் ஆகாது. கழுவிய நீரைப் பயிருக்கே தெளித்தல் வேண்டும்.

4. பசளையைப் பயிரின் பருவத்திற்கேற்பப் பகுத்து இடுதல் வேண்டும். பசளைச் செலவும் வீணாகாது.

வயலில் நெல்லும் கடலில் மீனும் ஒரே நீரால் வாழ்வன. வரம்பைக் காப்பவர் கடலையும் காக்கின்றார்.