சீட்டில் பூக்கும் பூசணம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எடுக்காமல் நிறுத்திவைத்த காரின் கதவைத் திறந்ததும் ஒரு முடைவாடை மூக்கில் ஏறும். துணி சீட்டின் தையல் ஓரங்களில் வெள்ளையாகவோ சாம்பல் பச்சையாகவோ திட்டுத் திட்டாகப் பூசணம் பூத்திருக்கும். ஈரத்துணியால் அழுந்தத் துடைத்தால் போய்விடும். ஆனால் அதே இடத்தில் மறுபடி முளைக்கும்.

ஏனென்றால், நாம் துடைத்தது மேலே தெரிந்த பூசண வித்துகளை மட்டும்தான். மாங்காயைப் பறித்துவிட்டு மரத்தை விட்டுவைப்பது போன்றது இது. பூசணத்தின் உடல் நிறமற்ற நுண்ணிழைகளால் ஆனது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. அவை துணியைத் தாண்டி, அடியிலிருக்கும் ஃபோமின் துளைகளுக்குள் இறங்கிவிடுகின்றன.

இந்த உயிருக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதிகளை வெளியே சுரந்து, உணவை அது கிடக்கும் இடத்திலேயே செரித்து, கரைந்ததை இழைகளால் உறிஞ்சிக்கொள்கிறது! சீட்டின் பாலியெஸ்டர் அதற்குப் பெரிதாக ருசிக்காது. நம் வியர்வை, உதிர்ந்த தோல் செதில், குழந்தை சிந்திய பால், பிஸ்கட் துகள் இவைதான் விருந்து. கை படும் ஸ்டீயரிங்கிலும் சீட் பெல்ட்டிலும்கூடப் பூசணம் பிடிப்பது அதனால்தான்.

வித்துகள் எல்லாக் காற்றிலும் மிதக்கின்றன. அவற்றைத் தடுக்க முடியாது. அவை காத்திருப்பது தண்ணீருக்காக மட்டுமே. சீட் நனைந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முளைக்கத் தொடங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் வளராது. மழைக்காலச் சென்னையில் அது பல நாட்கள் 80-ஐத் தாண்டிவிடுகிறது.

ஆகவே, காரை வெயிலில் நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து, என்95 முகக்கவசம் அணிந்துகொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். சாதாரண இயந்திரம் வித்துகளைப் பின்பக்கமாகக் காருக்குள்ளேயே ஊதிவிடும். பிறகு வெள்ளை வினிகரையோ 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையோ, மறைவான ஓர் இடத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, தெளித்துத் தேய்க்கலாம். 99 விழுக்காடு ஆல்கஹால் இன்னும் வீரியமாயிற்றே என்று தோன்றும். ஆனால் அது சட்டென்று ஆவியாகிவிடும். புரதங்களைக் குலைக்கக் கொஞ்சம் தண்ணீரும் தேவை. பிளீச் வேண்டவே வேண்டாம். துணி வெளுக்கும், ஃபோமுக்குள் சரியாக இறங்காது. வினிகரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காருக்குள் அது உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, ஃபோம் வரை முழுக்க உலர வேண்டும். இதில் அவசரப்பட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஜன்னலை மூடி வெயிலில் விட்டால் ஆவி வெளியேறாமல் இரவில் மறுபடி நீராகப் படியும். வாசனைத் திரவியமும் தீர்வாகாது. நாற்றம் மறைந்தாலும், செத்த வித்துகூடத் தும்மலையும் இளைப்பையும் கிளப்பும். 2015, 2023 டிசம்பர் சென்னை வெள்ளங்களில் நடந்ததுபோல் சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறிய ஃபோம் என்றால், மாற்றுவதுதான் சரி.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்றும் தேடுங்கள். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். புழுக்கமான நாளிலும் சொட்டவில்லை என்றால், வடிகுழாய் அடைத்து அந்தத் தண்ணீர் மிதியடிக்குக் கீழே தேங்கக்கூடும். மெக்கானிக்கிடம் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.