ஜன்னல் திரைச்சீலைக்கும் ஒரு வரலாறு உண்டு

தீபாவளி நெருங்கினால் மலேசிய இந்தியர் வீடுகளில் பழைய 'லங்சிர்' இறங்கி, புதியது ஏறும். எந்த நிறம், எத்தனை மடிப்பு, குஞ்சம் வேண்டுமா என்பதையெல்லாம் கடையில் உள்ள மாதிரிப் படங்களைப் பார்த்தே பலர் முடிவு செய்கின்றனர்.

200 ஆண்டுகளுக்கு முன் இலண்டன் செல்வந்தர்களும் இதைத்தான் செய்தனர். அவர்கள் பார்த்த படங்களே இன்று சட்டமிடப்பட்டுச் சுவர்களை அலங்கரிக்கின்றன.

அவற்றுள் பெயர்பெற்றவை ருடால்ஃப் ஆக்கர்மன் வெளியிட்ட படங்கள். ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் 1764-இல் பிறந்த இவர், முதலில் குதிரை வண்டிகளை வடிவமைத்தவர். பின்னர் இலண்டன் ஸ்ட்ராண்ட் சாலையில் அச்சுப்படக் கடை நடத்தினார். 1809-இல் இவர் தொடங்கிய 'ரெப்போசிட்டரி ஆஃப் ஆர்ட்ஸ்' மாத இதழ் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வெளிவந்தது. நாற்காலி, மேசை, உடைகளுடன் ஜன்னல் திரைகளும் அதில் வண்ணப் படங்களாக இடம்பெற்றன. தொடக்க கால இதழ்களில் உண்மையான துணித் துண்டுகளையே ஒட்டியிருந்தனர்.

எப்படி அச்சிட்டனர்?

செப்புத் தகட்டில் பிசின் பொடியைத் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் அரிக்க விடுவர். துகள்களுக்கு இடையே உள்ள செம்பு அரிக்கப்பட்டு நுண்குழிகள் உண்டாகும். அவற்றில் மை தங்குவதால் துணி மடிப்பின் நிழல் மென்மையாகப் பதியும். 'அக்வாடின்ட்' எனப்படும் இம்முறையில் அச்சான தாள்களுக்குக் கையால் நீர்வண்ணம் தீட்டினர்.

உள்ளே மெல்லிய மஸ்லின், வெளியே கனமான திரை, மேலே வளைந்து தொங்கும் துணி, பொன்பூச்சுக் கம்பு ஆகியவை அக்கால ரசனை. துணி வெயிலில் வெளுத்துக் கிழிந்துவிடும், தாள் நிலைத்தது. அதனால் பழைய மாளிகைகளைப் புதுப்பிப்போருக்கு இப்படங்கள் சான்றாகின்றன. ஆனால், இவை விற்பனைக்கான மாதிரிகள். எல்லா வீடுகளும் இப்படியே இருந்தன என்று கொள்ள முடியாது.

சோழமண்டலக் கரையின் சீட்டி

இந்த ரசனைக்கு வங்கக் கடலோரத்திலும் ஒரு வேர் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் தீட்டப்பட்ட சீட்டித் துணி ஐரோப்பிய வீடுகளில் திரையாகவும் படுக்கை விரிப்பாகவும் புகுந்தது. சாயவேரின் சிவப்பு, துவைத்தாலும் போகவில்லை.

தங்கள் பிழைப்பு போகிறது என்று இலண்டன் பட்டு நெசவாளர்கள் கொதித்தனர். 1719-இல் சீட்டி உடுத்திய பெண்கள் தெருவிலேயே தாக்கப்பட்டனர். இங்கிலாந்தில் 1700-இல் இறக்குமதித் தடையும், 1721-இல் பயன்படுத்தவே தடையும் சட்டமாயின. பிரான்சில் 1686 முதல் 1759 வரை தடை நீடித்தது.

1774-இல் இங்கிலாந்து தன் நாட்டில் தயாரான பருத்தித் துணிக்கு மட்டும் தடையை நீக்கியது. இந்தியத் துணிக்கு விலக்கு இல்லை. மசூலிப்பட்டினத்திலிருந்து வந்த படுக்கைத் திரைகளைச் சுங்கத் துறை பறிமுதல் செய்ததால், புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக்கே 1775-இல் அதிகாரிகளிடம் மன்றாட வேண்டியிருந்தது. அத்திரைகள் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஆக்கர்மனின் படங்களின் அடியில் அவர் பெயர் அச்சாகியுள்ளது. சீட்டித் துணிகளிலோ, அவற்றைத் தீட்டியவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை.