பதினாறில் கைவிடாதீர்கள்!

மலையகத் தோட்டங்களில் பல பெண்பிள்ளைகளின் வாழ்க்கை, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிவோடு திசைமாறிவிடுகிறது. கணிதத்தில் தேறவில்லை என்றதும் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். தாய் விடிந்ததும் பெரட்டுக்குப் போனால், கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில்தான் திரும்புவாள். பிள்ளை லயத்தில் தனியே இருப்பாள். அந்த நேரம் பார்த்துத்தான் தரகர் வருகிறார். "கொழும்பில் நல்ல வீடு இருக்கு, மாசாமாசம் பணம் வரும்" என்கிறார்.

டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் வீட்டு வேலை செய்த இடத்தில் தீக்காயமடைந்து, 2021 ஜூலை 15 அன்று மருத்துவமனையில் உயிரிழந்தாள். நாடே கலங்கியது. 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்று 2016இலும், வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 14 அல்ல, 16 என்று 2021இலும் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. ஆனால் 16 நிறைந்த பிள்ளை அடுத்து எங்கே போவது? அதைச் சொல்ல அருகில் ஓர் ஆள் வேண்டுமே!

சகோதரிகளே, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் வாழும் நம் பெண்கள் அந்த ஆளாக இருக்க முடியும்.

என்ன செய்யலாம்?

முதலில் பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் அடையாள அட்டை எடுப்பது சிரமம். அடையாள அட்டை இல்லாவிட்டால் பரீட்சை, பயிற்சி, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் தடைதான். அடுத்து, தேறாத பாடத்தை மீண்டும் எழுதலாம் என்று சொல்லுங்கள். சாதாரண தரத்தில் தேறாதவர்களும் பள்ளியில் தொழிற்பாடம் கற்க, 2017இல் 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் 7 படிகளைக் கொண்டது. தையலிலோ கணினியிலோ தொடங்குபவள், படிப்படியாகப் பட்டத் தரம்வரை ஏறலாம்.

எதைச் செய்யக் கூடாது?

வழிகாட்டுகிறேன் என்று அழைத்து வந்து, நம் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்க வைக்கக் கூடாது. அது தரகர் செய்வதற்குச் சமம். தாய்க்குத் தெரியாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. பிறர் பிள்ளை நம்மிடம் ஓர் அமானிதம். அவளுக்குத் துன்பம் நேர்வதாக அறிந்தால் 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கத்துக்கு உடனே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பதும் தவறுதான். பிரதேச செயலகத்துக்கு முதல்முறை கூடவே போங்கள். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். இரண்டாம் முறை வாசலில் நில்லுங்கள்; உள்ளே அவளே பேசட்டும். மூன்றாம் முறை, "நான் தனியாப் போய்ட்டு வர்றேன், அக்கா" என்பாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு உழைப்பும்.