காளானும் கால் மணி நேர வெயிலும்

திருமலையின் அடிவாரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், வெயிலால் உடலில் உண்டாக வேண்டிய வைட்டமின் டி இவ்வட்டார மக்கள் பலரிடம் குறைவாகவே இருக்கிறது. திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்களின் ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. அதில் கிராமப்புற ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 70 விழுக்காட்டினருக்கும் இக்குறை காணப்பட்டது. நகரத்திலோ முறையே 62, 75 விழுக்காடு.

நிழலிலேயே கழியும் பணி நேரம், உடலை மூடும் உடை, தோலின் கருநிறம் ஆகியவை இதற்குக் காரணங்களாகும். உணவிலும் இச்சத்து அரிதே. மீன், முட்டையின் மஞ்சள்கரு ஆகியவற்றை உண்ணாத சைவக் குடும்பங்களுக்கு வழி இன்னும் குறுகியது. இச்சத்து குறைந்தால் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் சரிவர ஏற்பதில்லை, எலும்பு வலுவிழக்கிறது. இந்நிலையில் நம் கவனத்திற்கு உரியது, அருகிலேயே விளைந்து புதிதாகக் கிடைக்கும் காளான்.

இருளில் வளர்ந்தது, ஒளியில் நிறைகிறது

காளானில் எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருள் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் அது வைட்டமின் டி2 ஆக மாறத் தொடங்குகிறது. நம் தோலில் நிகழும் மாற்றத்தைப் போன்றதே இதுவும். ஆனால் விற்பனைக்குரிய காளான் நிழற்குடிலில் வளர்வதால், கடையில் வாங்கும்போது அதில் இச்சத்து மிகக் குறைவாகவே இருக்கும். நல்வாய்ப்பாக, பறித்த பின்னரும் இம்மாற்றம் நடைபெறும்.

எனவே சமையலுக்கு முன் காளானை நறுக்கி, ஒரு தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, நேர் வெயிலில் 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வைக்கலாம். நறுக்காமல் வைப்பதானால் குடையின் அடிப்புறம் மேல்நோக்கி இருக்கட்டும். இவ்வாறு செய்தால், 100 கிராம் காளானில் 10 மைக்ரோகிராம் அளவிலோ அதற்கு மேலோ வைட்டமின் டி உருவாகக்கூடும். பருவத்திற்கும் வெயிலின் கடுமைக்கும் ஏற்ப இவ்வளவு மாறும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்துள்ளது.

நேரம் முக்கியம். திருப்பதியில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வு, காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலே வைட்டமின் டி உருவாகச் சிறந்தது எனக் காட்டியது. கண்ணாடிச் சன்னலுக்குள் வைத்தால் பயனில்லை. தேவையான கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். இச்சத்து கொழுப்பில் கரைவது; ஆதலால் சிறிது எண்ணெயில் தாளித்துச் சமைப்பது உடல் அதனை ஏற்க உதவும்.

மற்ற நலன்கள்

புதிய காளானில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீரே. 100 கிராம் சிப்பிக் காளானில் ஏறக்குறைய 33 கலோரியும் 3 கிராம் புரதமும் 2 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. கொழுப்பும் சோடியமும் மிகக் குறைவு. பொட்டாசியமும் நியாசின் என்னும் பி வைட்டமினும் குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. எடையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க முயல்வோருக்கு இது ஏற்ற உணவு. ஆனால், காளான் புற்றுநோயைத் தீர்க்கும், நீரிழிவைப் போக்கும் என்னும் விளம்பரங்களை நம்பிவிடலாகாது. காளான் நல்ல உணவு, மருந்தன்று. வைட்டமின் குறை இரத்தப் பரிசோதனையில் உறுதியானவர்கள் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. யூரிக் அமில மிகுதியால் மூட்டுவலி உள்ளவர்களும் சிறுநீரக நோயாளிகளும் அளவைக் குறித்து மருத்துவரைக் கேட்டறிதல் நலம்.

மழைக்குப் பின் காட்டிலும் வேலியோரத்திலும் முளைப்பவற்றைப் பறித்து உண்ணவே கூடாது. நச்சுக் காளானையும் நல்ல காளானையும் கண்ணால் பிரித்தறிவது எளிதன்று. சமைப்பதால் எல்லா நஞ்சும் நீங்கிவிடுவதுமில்லை.

அருகில் விளைவதன் பயன்

சிப்பிக் காளான் விரைவில் வாடுவது. வெகுதொலைவிலிருந்து வருவது வீட்டை அடைவதற்குள் நிறம் மாறி, நீர் கசியத் தொடங்கிவிடும். உறுதியாகவும் உலர்ந்தும் தீய மணமின்றியும் இருப்பதையே வாங்க வேண்டும். காகிதப் பையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஓரிரு நாளில் சமைத்துவிடுவது நல்லது.

நம் வட்டாரத்தில் இதை விளைவிக்கத் தடையில்லை. மொட்டுக் காளானுக்கு 14 முதல் 18 பாகை செல்சியசு வரையிலான குளிர்ச்சி வேண்டும். பால் காளானோ 30 முதல் 35 பாகை வெப்பத்தில் செழிப்பது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 இரகம் அத்தகையது. மிதமான வெப்பமுள்ள மாதங்களில் சிப்பிக் காளானும், கோடையில் பால் காளானும் வளர்க்கலாம். படுக்கைக்கு வேண்டிய வைக்கோலைக் காளத்தி, நாயுடுபேட்டை, சூலூர்பேட்டை வட்டாரங்களின் நெல்வயல்கள் தருகின்றன. வெந்நீரில் பதப்படுத்திய வைக்கோலையும் காளான் வித்தையும் அடுக்கடுக்காகப் பையில் இட்டால், மூன்று நான்கு வாரங்களில் சிப்பிக் காளானின் முதல் அறுவடை கிடைக்கும். குடிலில் ஈரப்பதமும் தூய்மையும் காப்பதே இத்தொழிலின் உயிர்.

சிறு அளவில் தொடங்க விரும்பும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் இளைஞர்களும், முதலில் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி குறித்து விசாரிக்கட்டும். பின்னர் திட்ட மதிப்பீட்டுடன் வங்கிக் கிளையை அணுகிக் கடன், மானிய வாய்ப்புகளைக் கேட்டறியலாம். விற்பனைக்கு உறுதியான இடம் கண்ட பின்னரே குடிலை விரிவாக்குதல் அறிவுடைமை.

வளர்ப்பது சிலருக்கே இயலும். வெயிலில் வைப்பது எல்லோருக்கும் இயலும். அடுத்த முறை காளான் வாங்கினால், அடுப்பில் ஏற்றுமுன் கால் மணி நேரமேனும் மொட்டைமாடி வெயிலைக் காட்டுவோம்.